இறக்கத்தில் நின்ற வண்டி

அத்தியாயம் 3

ஆரணிக் கோட்டை மைதானத்துக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் இருந்தது விருத்தாம்பாள் துப்பறியும் நிலையம். நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு விருத்தாம்பாள், ஒரு ஜெயவேல். அவ்வளவுதான். விருத்தாம்பாள் பெண்கள் சிறையில் வார்டராக இருந்து, பொய் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய் வேலையை விட்டவள். நாற்பத்தைந்து வயது, கனத்த சரீரம், அதைவிடக் கனத்த மௌனம். அவளுக்கு உதவியாளன் ஜெயவேல். அவனுக்கு உடம்பு ஒட்டடைக் கம்பு. வாய் மட்டும் கோட்டை வாசல்.

அன்று காலையிலிருந்து ஜெயவேலுக்கு இடது கண் துடித்துக்கொண்டே இருந்தது. ஆம்பிளைக்கு இடது கண் துடித்தால் ஆகாது என்று ஊரே சொல்லும். என்ன ஆகப்போகிறதோ என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் நேமிநாதன். பட்டுச் சேலை மொத்த வியாபாரி. தறியிலிருந்து இறங்குகிற சேலைகளை மூட்டை கட்டி, சொந்த வேனில் செய்யாறு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு அனுப்புகிறவர். பரம்பரை ஜைனக் குடும்பம். பட்டுப் பூச்சியைக் கொல்வது பாவம் என்பதால் அவர் உடம்பில் மருந்துக்குக்கூட ஓர் இழை பட்டு இராது. வேட்டி, சட்டை, மேல்துண்டு எல்லாமே வெளேரென்று பருத்தி.

"பாவத்த வித்துட்டு புண்ணியத்த கட்டிக்கிறார்" என்று ஜெயவேல் முணுமுணுத்தான். விருத்தாம்பாள் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள்.

"எங்க டிரைவர் வேடியப்பன் என்னை ஏமாத்தறாம்மா" என்றார் நேமிநாதன். "வண்டியில சரக்கு ஏத்தி அனுப்பினா, செய்யாறு ரோட்ல ஏரிக்கரை மேடு இருக்குதில்ல, அங்க போனதும் திணறுது. இருமுது. அப்பால நின்னே போவுது. கொஞ்ச நேரம் கழிச்சி ஒண்ணுமே நடக்காத மாதிரி கெளம்புது. தீபாவளி நேரம். காஞ்சிபுரத்துக் கடைக்காரங்க வேற ஆளுகிட்ட சரக்கு எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க."

"மெக்கானிக்?"

"நம்ம எல்லப்பன்தான். வாராவாரம் ஃபில்டரத் தொடச்சிக் குடுக்கறான். அப்பவும் அதே பேஜார். இந்த வேடியப்பன் டீசலத் திருடி வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தறாம்மா. வேற இன்னா இருக்க முடியும்? இன்னைக்கிப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க ருசுவோட சொல்லணும். சொன்னா அவனப் போலீஸ்ல குடுத்துட்டு வேற டிரைவர வெச்சிக்குவேன்."

"டீசல் எங்க புடிக்கிறீங்க?"

"இந்தத் தட்டுப்பாட்டுல பங்க்ல தெனமும் வரிசையில நிக்க முடியுமா? பேரல்ல வாங்கி வீட்டுப் பின்கட்டுல வெச்சிருக்கேன். பூட்டித்தான் வெச்சிருக்கேன். வண்டி டேங்குக்கும் பூட்டு. ரெண்டு சாவியும் இதோ, என் இடுப்புல. நான்தான் என் கையால ஊத்துவேன். வேற ஒருத்தன் கை படாது."

நேமிநாதன் பெருமையாக அரைஞாணில் தொங்கிய சாவிகளைத் தட்டிக் காட்டினார். விருத்தாம்பாள் அந்தச் சாவிகளைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வண்டி எங்க நிக்குது? மேட்டுலயா?"

"மேட்டுல திணறும். அப்பிடியே உருண்டு மேடு தாண்டி, அந்தாண்ட எறக்கத்துல, அம்மணி டீக்கடையாண்ட நிக்கும்."

"எறக்கத்துலயா?" என்றாள் விருத்தாம்பாள்.

"ஆமாம்மா. புங்க மரத்தடியில."

விருத்தாம்பாள் "ம்" என்றாள். அவள் 'ம்' என்றால் அதற்குள் அரைப் பக்கம் விஷயம் இருக்கும் என்பது ஜெயவேலுக்குத் தெரியும். எந்த அரைப் பக்கம் என்பதுதான் ஒருநாளும் தெரிந்ததில்லை.

*

நேமிநாதன் வீட்டு வாசலில் வேன் நின்றது. அதன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான் வேடியப்பன். முப்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, துவைத்துத் துவைத்து வெளுத்தது. ஆனால் வேனின் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அத்தனை சுத்தம்.

"நீ டீசல் எடுத்தியா?" என்று நேராகக் கேட்டாள் விருத்தாம்பாள்.

"இல்லீங்கம்மா." அவன் குரல் கம்மியது. "எங்க தெருவுல மொத லைசென்ஸ் என்னுதுங்க. எங்கப்பன் அடுத்தவன் வண்டிக்கு மாடு ஓட்டினவரு. டீசல் திருடன்னு ஒரு வாட்டி பேர் வந்துட்டா, இந்த ஆரணியில எனக்கு எவன் ஸ்டியரிங்க குடுப்பான்?"

ஜெயவேலுக்கு வாயில் வந்த வேடிக்கை வாயிலேயே நின்றுவிட்டது. இவன் திருடனாக இருக்கக் கூடாதே என்று அவன் உண்மையிலேயே ஆசைப்பட்டான்.

அதற்குள் மெக்கானிக் எல்லப்பன் ஸ்பேனர் பையோடு வந்துவிட்டான். விருத்தாம்பாள் வண்டியைக் கிளப்பச் சொன்னாள். நின்ற இடத்தில் இன்ஜின் அழகாக ஓடியது. ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தச் சொன்னாள். உறுமி எழுந்த இன்ஜின் பாதியிலேயே இருமியது, விக்கியது, தொங்கிப்போனது. காலை எடுத்ததும் மறுபடி சாதுவாக ஓடியது.

"மூக்கடைச்சவன் சும்மா ஒக்காந்திருந்தா தெரியாது" என்றாள் விருத்தாம்பாள். "மாடி ஏறச் சொன்னாதான் மூச்சு வாங்கும். எல்லப்பா, நீ தொடைக்கிற ஃபில்டர் எங்க கீது?"

எல்லப்பன் முன்பக்கம், தண்ணீரும் மண்ணும் மட்டும் தங்குகிற, பளபளவென்றிருந்த கண்ணாடிக் கிண்ணத்தைக் காட்டினான். "தோ. தங்கமாட்டம் கீது பாருங்க."

"இது ஒண்ணுதானா?"

எல்லப்பன் ஆகாயத்தைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைப் பார்த்தான். "இன்னொண்ணு... பின்னாடி ஒண்ணு கீது."

"அத எப்பத் தொடச்சே?"

"அத்த எங்கம்மா தொடைக்கறது? சீட்டக் கழட்டணும், பேட்டரியத் தூக்கணும், அடியில தட்டக் கழட்டணும், அப்பால இன்ஜினுக்கும் தகரத்துக்கும் நடுவுல கைய வுடணும். கை பூரவே பூராது. அத்த வெச்சவன் கையில்லாதவனா இருப்பான்."

"அதாவது," என்றான் ஜெயவேல், "கண்ணுக்குத் தெரியறதுக்கு வாராவாரம் குளியல். தெரியாததுக்கு வருஷத்துக்கு ஒருவாட்டிகூட முழுக்கு இல்ல."

விருத்தாம்பாள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். எல்லப்பனின் கையைப் பார்த்தாள். இரண்டுமே நல்ல போஷாக்கான கைகள். பிறகு மெதுவாகத் திரும்பி ஜெயவேலின் கையைப் பார்த்தாள்.

"அக்கா, வேணாம்" என்றான் ஜெயவேல். "நான் மூளைய நம்பிப் பொழைக்கிறவன்."

"அதுக்கு இன்னைக்கி லீவு."

இடது கண் துடித்ததன் பலன் இதுதான். சீட்டையும் பேட்டரியையும் எல்லப்பன் கழற்றிக் கொடுத்தான். ஜெயவேல் வேனுக்குள் ஒருக்களித்துப் படுத்து, சூடான இன்ஜினுக்கும் தகரத்துக்கும் நடுவில் தோள்வரைக்கும் கையை விட்டான். ஸ்பேனர் ஒரு பக்கம் திரும்பினால் முழங்கை மறுபக்கம் இடித்தது. போல்ட் கால் சுற்றுக்கு மேல் வரமாட்டேன் என்றது.

"உள்ள இன்னாடா கீது?"

"இருட்டு கீதுக்கா. என் கையி எங்க கீதுன்னுதான் தெரியல."

"எடது பக்கமாத் திருப்புங்க சார்" என்றான் வேடியப்பன் கவலையோடு. "நான் வேணா வரட்டுங்களா?"

"நீ வந்தா சாட்சிய அழிச்சிட்டேன்னு சொல்லுவாங்க. நான் வந்தா என் சட்டைதான் அழியும்."

கடைசியில் போல்ட் மசிந்தது. ஜெயவேலின் புத்தம் புது டெரிகாட்டன் சட்டை கை முழுக்கக் கரிய டீசல் வழிந்தது. ஃபில்டர் டப்பாவோடு கை வெளியே வந்தபோது, முழங்கையில் தோலைக் கொஞ்சம் உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தது.

டப்பாவுக்குள்ளிருந்த ஃபில்டரை விருத்தாம்பாள் தாளில் வைத்தாள். அதன் மடிப்பு மடிப்பான பள்ளங்களெல்லாம் பஞ்சுபோல் ஏதோ அப்பி, கெட்டியாக அடைத்துக்கிடந்தது. குச்சியால் கிளறினாள். இழை. பிரிந்து சிக்குப்பிடித்த நூல் இழை.

நேமிநாதன் ஒரு துள்ளு துள்ளினார்.

"பட்டு! பட்டுக் கழிவு! நான் மண்ணெண்ணெய்னு நெனச்சேன், இது அதுக்கும் மேல! எவனோ போட்டிக்காரன் தறியில பொறுக்கின கழிவக் குடுத்து டேங்குல போடச் சொல்லியிருக்கான். இவன் போட்டிருக்கான்! வேடியப்பா, உனக்கு நான் இன்னாடா கொறை வெச்சேன்?"

வேடியப்பன் முகத்தில் ரத்தம் வற்றியது. "மொதலாளி, சத்தியமா..." என்று தலையில் கை வைத்தான்.

ஜெயவேல் டீசல் வழியும் தன் கையைப் பார்த்தான். தன் கையால் எடுத்த சாட்சியே அந்த ஆளின் கழுத்துக்குக் கயிறாகிவிட்டதே. அவன் விருத்தாம்பாளைப் பார்த்தான். அவளோ அடைப்புக்குள்ளிருந்து சிட்டிகை இழையை எடுத்து, சோப்புக் கட்டி கேட்டு வாங்கி, வாசல் குழாயடியில் உட்கார்ந்து நிதானமாகத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நம்ம துணியையும் ஒரு வாட்டி இப்பிடித் தொவைக்கலாம்."

"நீ பஸ் ஸ்டாண்டாண்ட போய்ப் புது ஃபில்டர் வாங்கிகினு வா. ஜல்தி."

அவன் வாங்கி வந்ததும், மறுபடி அதே படுக்கை, அதே இருட்டு, மிச்சமிருந்த முழங்கைத் தோல். புது ஃபில்டர் உள்ளே உட்கார்ந்தது. குழாயில் காற்று நின்றுவிட்டால் வண்டி கிளம்பாது என்று, எல்லப்பன் கைப்பம்ப்பை அடித்து அடித்து, நுரையாக வந்த டீசல் தெளிவாக வரும்வரைக்கும் காற்றை வெளியேற்றினான்.

விருத்தாம்பாள் எழுந்தாள். "வேடியப்பா, வண்டிய எடுத்துகினு போ. ஏரிக்கரை மேட்ட ஏறிப் பாரு. பாத்துட்டு நேரா திரும்பி வா."

"இவனையா? வண்டியோடயா?" என்றார் நேமிநாதன்.

"திருடன்னா திரும்ப மாட்டான். அப்ப என் வேலை முடிஞ்சிது. யோக்கியன்னா வருவான்."

இன்ஜின் உறுமியது. இருமல் இல்லை, விக்கல் இல்லை. வேடியப்பனின் முகத்தில் அந்த நிலைமையிலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததை ஜெயவேல் கவனித்தான். வேன் தெருவைத் தாண்டி மறைந்தது.

*

கூடத்தில் உட்கார்ந்ததும் விருத்தாம்பாள் தாளில் காயவைத்திருந்த இழையை நேமிநாதன் முன்னால் வைத்தாள். துவைத்தபின் அது வெள்ளையாக இருந்தது.

"ஐயா, எனக்குத் துணி சமாச்சாரம் தெரியாது. ஆரணியில உங்களவிட யாருக்குத் தெரியும்? இது எந்தத் தறிப் பட்டுன்னு பாத்துச் சொல்லுங்க. போட்டிக்காரன் யாருன்னு புடிச்சிடலாம்."

நேமிநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தொழில்காரரிடம் தொழிலைப் பற்றிக் கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்வார். ஒரு இழையை விரல்நுனியில் முறுக்கி, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினார். இழை சட்டென்று பற்றி எரிந்தது. அவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, சாம்பலை விரலால் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"பட்டாவது கிட்டாவது! பட்டு எரிஞ்சா மயிர் பொசுங்கற நாத்தம் வரும். சுருண்டு மணியா நிக்கும். இது காகிதம் மாதிரி எரியுது, மாவு மாதிரி சாம்பல். எந்தச் சின்னப் பிள்ளையும் சொல்லும், இது பருத்தி. அதுவும் பழசு. நாள்பட்ட துணியோட நூல்."

சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பதை அவர் கவனித்தார்.

"பட்டுக் கழிவு இல்ல" என்றாள் விருத்தாம்பாள். "போட்டிக்காரனும் இல்ல. பழைய பருத்தித் துணி. பேரலுக்குச் சாவி உங்க இடுப்புல. டேங்குக்குச் சாவியும் உங்க இடுப்புல. வேற ஒருத்தன் கை படாதுன்னு நீங்கதான் சொன்னீங்க." சற்று நிறுத்தி, "தாகமா கீது. கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றாள்.

நேமிநாதனின் மனைவி சக்ரேஸ்வரி உள்ளேயிருந்து குடத்தோடு வந்தாள். குடத்து வாயில் தடித்த வெள்ளைத் துணி இரண்டாக மடித்துக் கட்டியிருந்தது. அதன் வழியாகத்தான் அந்த வீட்டில் குடிக்கிற தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத உயிரும் உயிர்தான் என்பது அவர்கள் நம்பிக்கை.

"துணி புதுசா கீதே" என்றாள் விருத்தாம்பாள் தம்ளரை வாங்கிக்கொண்டே.

"ஆவணியில மாத்தினதுங்க. நூல் பிரிஞ்சி நைஞ்சி போனா தண்ணிக்கு ஆகாது, உயிருங்க தப்பி உள்ள வந்துடும்."

"அப்ப பழசு?"

"அவர் எடுத்துகினு போனாரே. டீசல் வடிகட்ட."

ஜெயவேல் தன் தம்ளரைக் கீழே வைத்தான். நேமிநாதன் தம் வேட்டி நுனியைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார்.

"பேரல் டீசல்ல துரு, தூசி எல்லாம் இருக்கும்மா" என்றார் மெல்லிய குரலில். "பூச்சி பொட்டுகூட இருக்கும். அப்பிடியே எப்பிடி ஊத்தறது? மனசு கேக்கல. வடிகட்டித்தான் ஊத்தினேன்."

"வடிகட்டறதுல தப்பில்லீங்க" என்றாள் விருத்தாம்பாள். "மெதுவா வடிகட்டினா இத்தன நூல் உள்ள போயிருக்காது. அப்பால இன்னா பண்ணீங்க?"

"இந்தத் தட்டுப்பாட்டுல ஒரு சொட்டு வீணாகலாமா? துணியில ஊறினத... டேங்கு வாயில வெச்சி... நல்லா முறுக்கிப் பிழிஞ்சேன்."

"முறுக்கினீங்களா?"

கேட்டது விருத்தாம்பாள் இல்லை. சக்ரேஸ்வரி. அவள் குடத்தைக் கீழே வைத்த வேகத்தில் தரையே அதிர்ந்தது.

"வடிகட்டின துணிய முறுக்கினீங்களா? எத்தன உயிரு அதுல ஒட்டியிருக்கும்! கல்யாணமாகி வந்த நாளா எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்கம்மா: துணிய ஒதறாதே, முறுக்காதே, தானா வடியவுடுன்னு. நீங்க முறுக்கியிருக்கீங்க. முறுக்கிட்டு அந்தப் பையன் மேல திருட்டுப் பட்டம் கட்டினீங்களா? அது எந்த தர்மத்துல சேத்தி?"

"சக்ரேஸ்வரி, அது டீசல்..."

"அந்தப் பையனோட மானம் டீசல் இல்ல! சூரியன் அடையறதுக்குள்ள அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. கேக்காம வந்தா இன்னைக்குத் தட்டு வைக்க மாட்டேன்."

ஜெயவேலுக்கு இந்தத் தண்டனையின் கனம் உடனே புரிந்தது. அந்த வீட்டில் பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் படாது. இப்போது விட்டால் நாளை காலைதான். வேடியப்பனுக்கு நேமிநாதன் வைத்த அதே கெடு, இப்போது நேமிநாதனின் வயிற்றுக்கு வந்துவிட்டது.

நேமிநாதன் வாசலுக்கு ஓடினார். தெரு காலியாக இருந்தது. "இன்னும் வரலையே! போனவன் வண்டியோட ஓடிட்டானா?"

"ஓடல" என்றாள் விருத்தாம்பாள். "எங்க இருப்பான்னு எனக்குத் தெரியும். ஜெயவேலு, ஒரு ஜட்கா கூப்புடு."

*

மூன்று பேரோடு குதிரை ஏரிக்கரை மேட்டில் திணறியது. முக்கால்வாசி எடை யாருடையது என்பதைப் பற்றி ஜெயவேல் எதுவும் சொல்லவில்லை.

"இதுக்கும் ஃபில்டர் மாத்தணுமாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மேட்டைத் தாண்டியதும் தெரிந்தது. இறக்கத்தில், புங்க மரத்தடியில், வேன். பெஞ்சில் டீ கிளாஸோடு வேடியப்பன். எதிரே, துணி வடிகட்டியில் டீயை இறக்கிக்கொண்டிருந்தாள் அம்மணி. அண்ணனோடு சேர்ந்து அந்தக் கடையை நடத்துகிறவள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வேடியப்பன் என்னவோ சொல்லியிருக்கிறான். அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் கலையவில்லை.

நேமிநாதன் ஜட்காவிலிருந்து இறங்கிய வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல் வேடியப்பன் முன்னால் போய்க் கை கூப்பினார்.

"வேடியப்பா, தப்பு என்மேலதான். வடிகட்டின துணிய முறுக்கினது நான். அடைச்சது நான். உன்னைத் திருடன்னு சொன்னதும் நான். மன்னிச்சிடுப்பா."

வேடியப்பன் பதறி எழுந்தான். "மொதலாளி, கையக் கீழ போடுங்க" என்றவன், தோளில் கிடந்த தன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் இப்போதுதான் வெளியே வந்தது. ஜெயவேலுக்கு அப்போது வேடிக்கை எதுவும் தோன்றவில்லை. தோன்றாததில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

விருத்தாம்பாள் மட்டும் பெஞ்சில் வசதியாக உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரி. ஃபில்டர் மாத்தியாச்சி, மேடு ஏறியாச்சி, நேரா திரும்பி வான்னும் சொன்னேன். அப்புறம் இன்னாத்துக்குப்பா வண்டி இங்க நிக்குது?"

வேடியப்பன் துண்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"மேட்டுல மூச்சு வாங்கினது அடைப்பாலதான். அத ஒத்துக்கறேன். ஆனா அடைப்பு இருக்கற வண்டிக்கு எறக்கம்னா கொண்டாட்டமாச்சே. உருண்டே ஓடும். எறக்கத்துல, வெயிலு படாத புங்க மரத்தடியில, ஒவ்வொரு வாட்டியும் அதே எடத்துல வண்டிய நிறுத்தறது எந்த ஃபில்டரு?"

அம்மணி சட்டென்று திரும்பிப் பால் சட்டியைக் கிளறத் தொடங்கினாள். கிளறுவதற்கு அதில் பால் இல்லை.

"அப்ப இத்தன நாளா..." நேமிநாதனின் குரல் மெல்ல மேலே ஏறியது. "காஞ்சிபுரத்துக் கடைக்காரன் அங்க காத்துகினு இருக்க, நீ இங்க..."

"திணறல் நெசம்தாங்க மொதலாளி" என்றான் வேடியப்பன் துண்டுக்குள்ளிருந்து. "எப்பிடியும் இன்ஜின் கொஞ்சம் ஆறட்டுமேன்னு... கூட ஒரு அஞ்சி நிமிசம்..."

"ஐயா," என்றாள் விருத்தாம்பாள், "கோவப்பட ராத்திரி முழுக்க நேரம் கீது. சாப்பிடத்தான் இல்ல."

நேமிநாதன் மேற்கே பார்த்தார். சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது. அவர் வேடியப்பனைப் பார்த்தார், அம்மணியைப் பார்த்தார், மறுபடி சூரியனைப் பார்த்தார். கோபம் பாதியிலேயே இருமி, விக்கி, நின்றுபோனது.

"ஏம்மா, உங்கண்ணன் எப்ப இருப்பாரு?"

"காலையில இருப்பாருங்க."

"இவனுக்குப் பெரியவங்கன்னு பொண்ணு கேக்க யாரும் இல்ல. நாளைக்குக் காலையில நானும் வீட்டம்மாவும் வந்து பேசறோம். கட்டின பழிக்கு நான் வேற எப்பிடி ஈடு குடுக்கறது?"

அம்மணி வடிகட்டித் துணியைத் தூக்கிச் சொட்ட விட்டாள். காது மடல் சிவந்திருந்தது. "வாங்கய்யா. டீ போட்டு வெக்கறேன். நான் வடிகட்டிய முறுக்கறதே இல்ல, கசந்துடும்."

"ஏறுங்க மொதலாளி!" என்று கத்தினான் வேடியப்பன். அவன் குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. நேமிநாதன் தொற்றி ஏறினார். இன்ஜின் ஒரே திருகலில் உறுமியது. வேன் அரை வட்டமடித்து ஊர்ப்பக்கம் திரும்பிப் பாய்ந்தது.

அப்போதுதான் ஜெயவேல் சுற்றுமுற்றும் பார்த்தான். ஜட்காக்காரன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

"அக்கா! நம்மள மறந்துட்டு போறாங்க!"

"ஓடு."

"கவலப்படாதீங்க, மேட்டுல எப்பிடியும் திணறும், புடிச்சிடறேன்" என்று சொல்லிக்கொண்டே ஜெயவேல் ஓடினான். ஆரணியில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம் அது. ஏரிக்கரை மேடென்றால் நேமிநாதன் வேன் நிற்கும்.

வேன் நிற்கவில்லை. திணறவில்லை. ஒரு விக்கல்கூட விக்கவில்லை. மேட்டின் உச்சியில் ஒரு கணம் சூரியனுக்கு முன்னால் கருப்பாகத் தெரிந்து, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

ஜெயவேல் பாதி மேட்டில் இடுப்பில் கைவைத்து நின்றான். மூச்சு வாங்கியது, இருமல் வந்தது, முழங்கை எரிந்தது. காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"வேலையை ஒழுங்காச் செஞ்சா இதான் பேஜாருக்கா" என்றான்.

விருத்தாம்பாள் பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"அம்மணி, ரெண்டு டீ போடு. இந்த இன்ஜினும் கொஞ்சம் ஆறட்டும்."